கீரிதாவின் வாளியில் இருந்த ஆப்பிள்கள்

யோராவின் தலையில் மிச்சமிருந்த முடியும் அந்த வசந்தத்தில் கொட்டிப் போயிற்று. காலையில் மகளை எழுப்பப் போன ஆஸ்னி, ஆட்டுத்தோல் விரிப்பில் வெள்ளை வெள்ளையாக இழைகள் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். யோரா எழுந்து உட்கார்ந்து தன் மண்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இனிமே பேன் பார்க்க வேண்டாம்மா. உனக்கு ஒரு வேலை குறைஞ்சுது," என்றாள்.

எட்டு வயதுப் பெண். உயரமோ மூன்று வயதுக் குழந்தையின் உயரம். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்தவள்தான். அடுத்த குளிர்காலத்துக்குள் வளர்ச்சி மந்தமாயிற்று. தோல் எலும்போடு ஒட்டியது, நெற்றிப் பொட்டில் நீல நரம்புகள் புடைத்தன, மூக்கு கூர்மையாகி வளைந்தது, முழங்கால் மடங்க மறுத்தது. ஐந்து வயதில் முடி நரைத்தது. நடப்பது கிழவி நடை. வாய் மட்டும் ஊரையே விற்றுவிடும் வாய். மலைகளுக்கு நடுவே கடல் உள்நுழைந்த அந்தக் கழியின் இந்தக் கரையில் யார் வீட்டில் வெண்ணெய் ஊசிப்போனது, யார் படகு ஒழுகுகிறது என்பதெல்லாம் வாசலில் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரியும்.

ஆஸ்னியின் கணவன் ஓத்தரின் அக்கா ஹல்பெரா வெகுநாளாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஆஸ்னியின் பிள்ளையே இல்லை. மலைக்குள் வாழ்கிற மாயக் கூட்டத்தார் நல்ல பிள்ளையை எடுத்துக்கொண்டு தங்கள் கிழவி ஒருத்தியைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கிழவியைக் கொண்டுபோய் மேலே பாறையில் விட்டால், அவர்கள் வந்து அதை எடுத்துக்கொண்டு நிஜப் பிள்ளையைத் திருப்பித் தருவார்கள்.

ஆஸ்னி இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓத்தர் போட்டுக்கொண்டான். யோராவுக்கு நாலு வயதிருக்கும்போது, ஆஸ்னி மாடுகளோடு கோடை மேய்ச்சலுக்குப் போயிருந்த சமயம், அவன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினான். பொழுது சாய்ந்தபோது குழந்தையோடுதான் திரும்பி வந்தான். அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்னிக்கு இது ஹல்பெரா வாயிலிருந்துதான் தெரிந்தது. சாட்சி வைத்துக் கணவனை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது. அவள் விலகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகளைத் தொட அவனை விடவில்லை. அவனும் ஒவ்வொரு குளிர்காலமும் மீன்பிடிக்க வடக்கே போய், பனி உருகும்போது காய்ந்த மீனோடு வந்து சேருவான். வீட்டில் இருக்கும் நாட்களிலும் பெரும்பாலும் படகுக் கொட்டகையில்தான் கிடப்பான்.

முடி கொட்டின சில நாட்களில் நெஞ்சுவலி ஆரம்பித்தது. மாட்டுக் கொட்டகைக்கு அம்மாவின் பின்னால் வந்துகொண்டிருந்த யோரா பாதி வழியில் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உதடு நீலமாகிவிட்டது.

"உள்ள யாரோ மிதிக்கிறாங்கம்மா," என்றாள்.

ஆஸ்னி இதற்கு முன் இதைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு எழுபது வயதில் இதே போல வந்தது. இதே கை, இதே இடம், இதே நீலம். அந்தக் கோடை முடிவதற்குள் அவர் போய்விட்டார். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது நோய் இல்லை. நோய் என்றால் மருந்து உண்டு. இது வயசு. அவள் பெற்ற பிள்ளை எட்டு வயதில் முதுமையால் செத்துக்கொண்டிருந்தாள்.

அவள் செய்யாதது எதுவும் மிச்சமில்லை. ஃப்ரே தேவனுக்கு நல்ல கிடாய் ஒன்றைக் கொடுத்தாயிற்று. குதிரையின் ஈரலை வேகவைத்து ஊட்டியாயிற்று. வழிப்போக்கன் ஒருவன் திமிங்கில எலும்பில் மந்திர எழுத்தைச் செதுக்கித் தந்தான், அதைத் தலைமாட்டில் வைத்தாயிற்று. குழந்தை ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

தறியில் உட்காரும் நேரத்தில் யோராவுக்குக் கதை வேண்டும். எத்தனையோ கதை இருந்தும் அவள் கேட்பது இதுன் கதைதான். இளமைக்கும் வசந்தத்துக்கும் உரிய தேவி இதுன். அவள் பெட்டியில் இருக்கும் ஆப்பிளைத் தின்றுதான் தேவர்கள் கிழடு தட்டாமல் இருக்கிறார்கள். ஒரு தடவை தந்திரக்கார லோகி அவளை நைச்சியமாகக் காட்டுக்குள் கூட்டிப்போய், கழுகு வடிவில் வந்த ராட்சசனுக்குக் காட்டிக்கொடுத்தான். கழுகு அவளைத் தூக்கிப் போய்விட்டது. பழம் தின்னாத தேவர்களுக்கு நரை விழுந்தது, கூன் விழுந்தது. பிறகு எல்லோரும் லோகியின் கழுத்தைப் பிடிக்க, அவன் பருந்தாகப் பறந்துபோய் இதுனை ஒரு கொட்டையாக மாற்றிக் காலில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

லோகி பறந்தது பற்றியெல்லாம் யோராவுக்கு அக்கறை இல்லை. தேவர்கள் கிழடான இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லுவாள்.

"தோருக்குப் பல்லு விழுந்துச்சா?"

"விழுந்திருக்கும்."

"ஓதினுக்கு என்னை மாதிரி முட்டி வலிச்சுதா?"

"வலிச்சிருக்கும்."

"அவரையும் மலையில கொண்டுபோய் விடுன்னு யாராவது அத்தை சொன்னாங்களா?"

ஆஸ்னி தறி நாடாவைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். யோரா தானே சிரித்துக்கொண்டு, சுருங்கின கையை நெருப்புப் பக்கம் நீட்டினாள். பிறகு, தேன் கேட்கிற குரலில், "அதுல ஒரு பழம் கிடைச்சா நல்லா இருக்கும்மா. முழுசு வேண்டாம். பாதி போதும். ஓடுற அளவுக்கு," என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனாள். ஆஸ்னியைத்தான் அந்தப் பேச்சு விடவில்லை.

அந்தக் கழி முழுவதிலும் ஆப்பிள் மரம் இருந்தது ஓரிடத்தில்தான். தலைவர் ஸ்டெய்னாரின் வீட்டுக்குப் பின்னால், வெயில் விழும் சரிவில் மூன்று மரங்கள். இதுனின் மரங்கள் என்றுதான் பெயர். ஸ்டெய்னாரின் மனைவி கீரிதாதான் அவற்றைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு அவள் கையால் ஒரு பழம் கொடுப்பாள். ஆஸ்னிக்கும் கொடுத்தாள். அதைத் தின்ற அடுத்த வருஷம் யோரா பிறந்தாள். அப்படியென்றால் கொடுத்தவள் இதுன். பாதியில் கையை விட்டவளும் இதுன். தான் புதிதாக எதையும் கேட்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளத்தான் சொல்கிறோம் என்று ஆஸ்னி நினைத்தாள்.

ஆனால் மரங்களில் இப்போதுதான் மொட்டு கட்டியிருந்தது. பழம் வர இலையுதிர்காலம் ஆகவேண்டும். யோரா அதுவரை தாங்கமாட்டாள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். போன வருஷத்துப் பழம் ஒன்றாவது வைக்கோலுக்குள் மிச்சமிருக்கிறதா, வற்றல் இருக்கிறதா, தோல் இருக்கிறதா என்று கேட்டாள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். சிலர் அவள் வருவதைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி காய்ந்த காட்டுப்பழம் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். கழியைச் சுற்றி மறுகரை வரைக்கும் போய்வந்தாள். அவள் திரும்பும்போதெல்லாம் யோரா வாசலில் தனியாக உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹல்பெரா மட்டும் முகத்துக்கு நேராகச் சிரித்தாள். "வசந்தத்துல ஆப்பிள் தேடுறவ குளிர்காலத்துல குயிலைத் தேடுவா. கீரிதா செத்தப்போ இருந்ததெல்லாம் காரியத்துல தின்னு தீர்த்தாச்சு. மிச்சத்தை வாளியோட அவகூடவே வச்சு மூடியாச்சு. வேணும்னா அவகிட்டப் போய்க் கேளு."

கீரிதா போன இலையுதிர்காலத்தில்தான் செத்தாள். கழிமுனைக்குப் பக்கத்தில் பலகையால் அறை கட்டி, கட்டில், தறி, ஒரு வாளி ஆப்பிள் எல்லாம் வைத்து, மேலே கல்லும் மண்ணும் குவித்து மேடாக்கியிருந்தார்கள். ஹல்பெரா கேலிக்குச் சொன்னாள். ஆஸ்னி அங்கிருந்து நேராக ஸ்டெய்னாரிடம் போனாள்.

அவர் மரங்களுக்குக் கீழே ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். பருத்த மனிதர். மனைவி போனதிலிருந்து ஒரே போர்வையைத்தான் போட்டிருந்தார், அதில் கஞ்சிக்கறை படிந்திருந்தது. ஆஸ்னி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஒரே ஒரு பழம் வேணும். என் பொண்ணு சாகப்போறா."

"என்கிட்ட ஏது? இருந்தா தரமாட்டேனா?"

"மேட்டுக்குள்ள இருக்கு."

ஸ்டெய்னார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "என்ன கேக்கிறேன்னு தெரிஞ்சுதான் கேக்கிறியா?"

"தெரியும். உயிரோட இருந்திருந்தா அவங்களே கொடுத்திருப்பாங்க."

"கொடுத்திருப்பா. இப்ப அவளைக் கேக்க முடியாதே. போற வழிக்கு நான் கட்டிக்கொடுத்த சோறு அது, ஆஸ்னி. அவ மடியிலேருந்து பிடுங்கித் தரச் சொல்றியா?" அவர் குரல் உயரவில்லை. "மேட்டை உடைக்கிறவனுக்கு ஊர்ல என்ன பேரு? ஓநாய். ஓநாயை யாரு வேணாலும் கொல்லலாம். நான் வச்ச சட்டம் இல்ல அது. வீட்டுக்குப் போ. பிள்ளைகூட இரு."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. படகுக் கொட்டகைக்குப் போனாள். ஓத்தர் வடக்கேயிருந்து வந்து மூன்று நாள் ஆகியிருந்தது, படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். நீ வந்து தோண்டு என்றாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. செத்தவள் எழுந்து வருவாள் என்றான். நம்மை மட்டுமல்ல, மாடு கன்று ஒன்றையும் விடமாட்டாள், இந்தக் கரையே பாழாகிவிடும் என்றான்.

"பெத்த பொண்ணை மலையில விட்டுட்டு வரப் போனவன் நீ," என்றாள் ஆஸ்னி. "உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு."

ஓத்தர் தார்க்குச்சியைப் பிடித்தபடி நின்றான்.

வசந்தத்து மீன் கூட்டம் கழிக்குள் வந்த அன்று அவளுக்கு வாய்ப்பு கிடைத்தது. விடிந்ததும் கடற்பறவைகள் கத்தின. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் வலையைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார்கள். ஸ்டெய்னார்கூடப் போனார். கரையில் நாயும் கிழங்களும்தான் மிச்சம். ஆஸ்னி யோராவைத் தூக்கி வெயிலில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் மோரும் வைத்தாள். மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போற?"

"பழம் பறிக்க."

"இப்ப ஏது பழம்? மறுபடியும் என்னைத் தனியா விட்டுட்டுப் போறியா?"

"கடைசித் தடவை, கண்ணு," என்றாள் ஆஸ்னி.

மேட்டின் மலைப் பக்கமாகத் தோண்டினாள். அந்தப் பக்கம் படகிலிருந்து பார்த்தால் தெரியாது. மேல்மண் இளகியிருந்தது, ஒரு முழத்துக்குக் கீழே இன்னும் உறைந்து கிடந்தது. கடப்பாரையால் குத்திக் குத்திப் பெயர்த்தாள். மண்ணுக்கு அடியில் கல். ஒவ்வொரு கல்லாக உருட்டித் தள்ளினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கீரிதாம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு உங்க நகை வேண்டாம், துணி வேண்டாம். ஒரு குழந்தைக்குத்தான். உங்க கையால எனக்குக் கொடுத்தீங்களே, அந்தப் பழத்துல வந்த குழந்தைக்குத்தான். சொல்லிச் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே தோண்டினாள்.

பலகை தெரிந்தது. கடப்பாரையை இடுக்கில் விட்டு முழு உடம்பாலும் அழுத்தினாள். பலகை முனகிக்கொண்டு விலகியது. உள்ளேயிருந்து வாடை வீசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் வரைக்கும் கையை விட்டாள். துணி தட்டுப்பட்டது. அதற்குக் கீழே குளிர்ந்து இறுகிய ஒன்று தட்டுப்பட்டது. அது என்னவென்று நினைக்காமல் கையை நகர்த்தினாள். மரவாளியின் விளிம்பு.

பெரும்பாலானவை கூழாகிப் போயிருந்தன. அடியில் இருந்த சில மட்டும் பிழைத்திருந்தன. சின்னஞ்சிறு பழங்கள், பழுப்பேறித் தோல் சுருங்கி, அவள் மகளின் முகத்தைப் போல இருந்தன. மடியில் கட்டிக்கொண்டாள். வெறுங்கையாகப் போக மனம் வரவில்லை. கழுத்திலிருந்த கண்ணாடி மணிமாலையைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். அவளிடம் இருந்த நல்ல பொருள் அது ஒன்றுதான். பலகையைச் சாத்தி, கல்லைத் தள்ளி, மண்ணை மிதித்துவிட்டு ஓடினாள்.

யோரா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மோர் அப்படியே இருந்தது. அவளுக்குப் பல் சரியில்லாததால் ஆஸ்னி பழத்தைக் கடித்து மென்று, வாயிலிருந்து எடுத்து ஊட்டினாள்.

"மண்ணு வாசனை அடிக்குதும்மா."

"தேவி மண்ணுக்குள்ளதான் பத்திரமா வச்சிருந்தா."

யோரா அம்மாவின் கை நகங்களைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் வாயைத் திறந்தாள்.

அடுத்த சில நாட்களில் நடந்ததை ஆஸ்னி பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். குழந்தை நிஜமாகவே தெளிந்தாள். மீன்தலை வேண்டும் என்று அடம்பிடித்து உறிஞ்சித் தின்றாள். கடற்கரை வரைக்கும் நடந்தாள். ஆட்டுக்குட்டி ஒன்றின் பின்னால் நாலடி ஓடக்கூட ஓடினாள், விழுந்தாள், எழுந்து அதைத் திட்டினாள். ஆஸ்னி மகளின் மண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பூனைமுடி மாதிரி ஏதோ முளைப்பதாகத் தெரிந்தது. ஓடிப்போய் ஓத்தரை இழுத்து வந்தாள்.

"தடவிப் பாரு. முளைக்குது. தடவிப் பாரு."

நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் மகளைத் தொட்டான். கனத்த விரல்களால் அந்த வழுக்கை மண்டையை மெதுவாகத் தடவினான். அவன் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஆமா," என்றான். "இருக்கு."

யோரா அவனை நிமிர்ந்து பார்த்துக் கண்ணடித்தாள்.

ஒருநாள் முற்பகலில் வாசல்படியைத் தாண்டும்போது அவள் சுருண்டு விழுந்தாள். உதடு மட்டுமல்ல, விரல் நுனிகளும் நீலமாகிவிட்டன. ஓத்தர்தான் தூக்கி வந்து படுக்கையில் போட்டான். ஆஸ்னி பழம் வைத்திருந்த பானையைக் கவிழ்த்தாள். மூன்றுதான் மிச்சம். ஒன்றைக் கடித்து மென்று மகளின் வாயில் திணித்தாள். யோரா துப்பினாள். மறுபடியும் திணித்தாள். குழந்தை தலையைத் திருப்பத் திருப்ப, தாடையைப் பிடித்துக்கொண்டு, முழுங்கு, முழுங்கு என்று கத்தினாள். யோராவுக்கு மூச்சுத் திணறியது. ஓத்தர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

யோரா இருமி இருமி மூச்சு வந்த பிறகு அழுதாள். "அது கீரிதாம்மா வாளியில இருந்த பழம்தானே? அத்தை வந்து என்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சும்மாதான் சொன்னேன்மா பாதிப் பழம்னு. நீ நெஜமாவே போயிட்ட."

"எல்லாத்தையும் தின்னா சரியாயிடும்."

"சரியாகாதும்மா. நீ இங்க உக்காரு."

ஆஸ்னி தரையில் உட்கார்ந்தாள். துப்பிய கூழ் அவள் கையெல்லாம் ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

மறுநாள் ஸ்டெய்னார் இரண்டு ஆட்களோடு வந்தார். மழையில் மண் உள்வாங்கி, ஓர் ஆட்டின் கால் மேட்டுக்குள் சிக்கிக்கொண்டதாம். தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர் கையில் கண்ணாடி மணிமாலை இருந்தது.

ஓத்தர் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "நான்தான் தோண்டினேன்," என்றான். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ மணிமாலை போட்டு நான் பார்த்ததில்லையே, ஓத்தர்," என்றார் ஸ்டெய்னார்.

ஆஸ்னி அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தான்தான் என்றாள். எங்கே வைத்துக் கொல்வதானாலும் கொல்லுங்கள், வாசலில் மட்டும் வேண்டாம், அவள் பார்க்கக் கூடாது என்றாள். உடன் வந்தவர்களில் ஒருவன் இடுப்புக் கத்தியில் கை வைத்தான். ஸ்டெய்னார் அவனை நிறுத்திவிட்டு, குனிந்து வீட்டுக்குள் நுழைந்தார்.

யோரா படுத்தபடியே அவரைப் பார்த்தாள். "ரெண்டு மிச்சம் இருக்கு," என்றாள். "திட்டாதீங்க. நான் எப்படியும் அங்கதான் போறேன். நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்."

ஸ்டெய்னார் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். "அவளை உனக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியாமயா? என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்காத ஆளு அவங்க ஒருத்தர்தான். ஒரு தடவை தேனடை கொடுத்தாங்க. மெழுகைத் துப்பச் சொன்னாங்க, நான் முழுங்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அந்தப் பருத்த மனிதர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குழந்தையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. யோரா தலையாட்டினாள். அவர் வெளியே வந்ததும் ஆஸ்னி மணிமாலைக்குக் கை நீட்டினாள்.

"இது கீரிதாவோடது," என்றார் அவர். "கொடுத்தது கொடுத்ததுதான். நான் திரும்ப உள்ள வச்சிடறேன். வழக்கை இலையுதிர்கால சபையில பேசிக்கலாம். அதுவரைக்கும் உங்களை யாரும் தொடமாட்டாங்க."

அதற்குப் பிறகு ஆஸ்னி வீட்டை விட்டு நகரவில்லை. மாட்டைப் பக்கத்து வீட்டுப் பெண் கறந்தாள். புல் அறுக்கும் காலம் வந்தது, ஓத்தர் தனியாகவே அறுத்தான். யோரா எதைக் கேட்டாலும் ஆஸ்னி செய்தாள். இதுன் கதையை மட்டும் அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

ஒரு நண்பகலில் புல் வாசனை வீட்டுக்குள் வந்தபோது, வெளியே போகவேண்டும் என்றாள் யோரா. "அப்பா தூக்கட்டும். அன்னைக்கு மலைக்குத் தூக்கிட்டுப் போனாரே, அந்த மாதிரி தோள்ல."

ஆஸ்னியின் முகம் இறுகியதை அவள் பார்த்துவிட்டாள். "அன்னைக்கு அப்பா என்னை விட்டுட்டு வரலைம்மா. பாறையில உக்காந்து பூரா நேரமும் அழுதுகிட்டே இருந்தாரு. போலாம்ப்பா, குளிருதுன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

ஆஸ்னி எழுந்துபோய்க் கணவனைக் கூப்பிட்டாள். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஆஸ்னி பக்கத்தில் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அறுத்த புல்லைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள். யோரா தூரத்துப் படகுகளைப் பார்த்து, எது யாருடையது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு படகின் பாயை அடையாளம் தெரியவில்லை, யாரோ புதுசு என்றாள். கொஞ்சம் பொறுத்து ஓத்தர் நின்றுவிட்டான். தோளில் பாரம் மாறியிருந்தது. அவன் கீழே இறக்கவில்லை. ஆஸ்னியும் பிடித்த காலை விடவில்லை. புல் காயும் வெயிலில் இருவரும் அப்படியே நின்றார்கள்.

வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் புதைத்தார்கள். அவள் கேட்டபடி அந்த இரண்டு பழத்தையும் அவள் கையில் வைத்தார்கள். ஹல்பெரா வந்து தூர நின்று அழுதாள். ஆஸ்னி அவளைப் போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை.

இலையுதிர்காலத்தில் சபை கூடியது. ஸ்டெய்னாரே வழக்கைச் சொன்னார். சட்டத்தை வளைக்க அவரால் முடியவில்லை. ஓநாய் என்று தீர்ப்பாகாமல் தடுக்கத்தான் முடிந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் இருவரும் இந்தக் கழியை விட்டுப் போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. மேற்கே ஆள் இல்லாத புதுத் தீவு ஒன்றுக்குக் குடும்பங்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. கழிமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் ஓத்தர் இடம் பிடித்தான், அதுவரைக்கும் சொந்தப் படகில் போக வேண்டும்.

புறப்படும் அன்று காலை, சாமான்களெல்லாம் படகில் ஏறிய பிறகு, ஆஸ்னி கோடாரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டெய்னார் வீட்டுச் சரிவில் ஏறினாள். மூன்று மரங்களும் காய்த்துத் தொங்கின. அந்த வருஷம்போல அவை என்றும் காய்த்ததில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஸ்டெய்னார் கட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"வெட்டப் போறியா?"

"ஆமா."

"வெட்டு," என்று சொல்லி அவர் எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

முதல் வெட்டில் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்து சரிவில் உருண்டன. இரண்டாவது வெட்டில் பட்டை தெறித்தது. அவள் தேவியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். மனிதர்கள் காது கொடுத்துக் கேட்கக் கூடாத ஏச்சு. ஸ்டெய்னார் கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு ஊர்ப் பிள்ளைகள் ஓடிவந்தன. அவள் கையில் இருந்ததைப் பார்த்து முதலில் தயங்கின, பிறகு உருண்டு வந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கின. முன்பு யோராவைப் பார்த்துக் கல் எறிந்த பிள்ளைகளும் அவற்றில் இருந்தன. கன்னம் புடைக்கத் தின்றன. சாறு மோவாயில் வழிந்தது. மூன்றாவது வெட்டில் அலகு ஆழமாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பிள்ளைகள் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழேயிருந்து ஓத்தர், கடல்நீர் இறங்குகிறது, கிளம்ப வேண்டும் என்று குரல் கொடுத்தான். கோடாரியை மரத்திலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

படகைத் தள்ளும் நேரத்தில் ஸ்டெய்னார் மூச்சிரைக்கக் கரைக்கு வந்தார். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, கோடாரியின் பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

"அங்க வீடு கட்டணுமில்ல," என்றார்.

ஆஸ்னி கோடாரியை வாங்கி, அலகில் ஒட்டியிருந்த ஈரச் சிம்பைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு, சாமான்களுக்கு நடுவே செருகி வைத்தாள். ஓத்தர் துடுப்பைப் போட்டான். அவளும் மற்றொன்றை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.